பிரேக்கும் பக்தியும்

பிரேக் என்பது கோழைகளின் சாதனம் என்று ஒரு கட்சி கிளம்பியிருக்கிறது. சீமையில் தோன்றிய கட்சிதான். ஆனால் சீமையில் தோன்றிய எதுவும் அங்கேயே தங்கிவிடுவதில்லை என்பது நமக்குத் தெரியாததல்ல. இந்தக் கட்சியாரின் குலதெய்வம் ஒரு பழைய சைக்கிள். அந்தச் சைக்கிளுக்குப் பிரேக் கிடையாது, மட்கார்டு கிடையாது, மணி கிடையாது, விளக்கும் கிடையாது. மிதித்தால் போகும், நிறுத்தவேண்டுமானால் காலாலேயே அடக்கவேண்டும். அப்படிப்பட்ட வண்டி ஒன்றைத் தேடிப் பிடித்து, துருவைச் சுரண்டி, ஓடுகிற நிலைக்குக் கொண்டுவந்து, அதற்கு ஒரு பிரேக்கையும் பூட்டி ஓட்டினேன் என்பதற்காக இந்தக் கட்சியாரிடம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சமல்ல. 'ரசனை இல்லாத மனுஷன்' என்றார் ஒருவர். 'சரித்திரச் சின்னத்தைப் பாழாக்கிவிட்டீர்' என்றார் இன்னொருவர். மூன்றாமவர் ஒன்றுமே சொல்லாமல் அந்தப் பிரேக்கையே சற்று நேரம் பார்த்துவிட்டு, துக்கம் விசாரித்துவிட்டுத் திரும்புகிறவர் மாதிரிப் போய்விட்டார்.

அவர்களுக்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நான் சொல்ல வந்தது ஒன்றுதான். பந்தய மைதானத்தில் பிரேக் இல்லாமல் இருப்பது ஒழுங்கு. தெருவில் பிரேக் இல்லாமல் இருப்பது ஜம்பம். அந்த ஜம்பத்துக்கு விலை கொடுக்கிறவர் பல சமயங்களில் வண்டிமேல் இருப்பவர் அல்ல.

முதலில் வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நம் வீட்டுச் சைக்கிளின் பின்சக்கரத்தில் ப்ரீவீல் என்று ஒன்று இருக்கிறது. மிதிப்பதை நிறுத்தினாலும் 'டிக் டிக்' என்று சத்தம் கொடுத்துக்கொண்டு வண்டி ஓடுவது அதனால்தான். இறக்கத்தில் இரண்டு காலையும் சும்மா வைத்துக்கொண்டு காற்று வாங்கிக்கொண்டு போகிற சுகம் அது தந்த வரம். டிராக் சைக்கிளுக்கு அந்த வரம் இல்லை. பல்சக்கரம் பின்சக்கரத்தோடு அசையாமல் பிணைக்கப்பட்டிருக்கிறது. சக்கரம் சுற்றினால் பெடல் சுற்றியே தீரும். பெடல் சுற்றினால் கால் சுற்றியே தீரும். பின்பக்கமாக மிதித்தால் வண்டி பின்னாலும் போகும்.

இது எனக்கு வாய்த்தது லண்டனில். தங்கை வீட்டில் எட்டு மாதம் தங்கியிருந்தபோது, பழைய கிளப் சைக்கிள்காரர் ஒருவர் காலமான பிறகு, அவர் வீட்டுப் பின்கொட்டகையைக் காலி செய்தவர்களிடம் வாங்கினேன். 1950-களில் செய்த வண்டி. செய்தவரின் பெயர் அழிந்துபோயிருந்தது. ஆனால் ஸீட்டைத் தாங்குகிற குழாயில் 'ரெனால்ட்ஸ் 531' என்ற சீட்டு மட்டும் மங்கலாக ஒட்டிக்கொண்டிருந்தது. அது 1935-ல் வந்த எஃகுக் குழாய். பல ஆண்டுக் காலம் பந்தயச் சைக்கிள்களுக்கு அதற்குமேல் உயர்ந்த குழாய் இல்லை என்று சொல்லும்படி இருந்தது. அதைச் செய்த ரெனால்ட்ஸ் கம்பெனி 1928-லேயே டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் என்ற பெரிய குழுமத்தில் சேர்ந்துவிட்டது. அந்த டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ்தான் முருகப்பா குடும்பத்தாரோடு கூட்டுச் சேர்ந்து 1949-ல் சென்னையில் டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கியது. அம்பத்தூரில் செய்த ஹெர்குலிஸ் வண்டியில் குரங்குப் பெடல் போட்டுப் பழகிய எனக்கு, இந்த லண்டன் வண்டி ஒன்றுவிட்ட அண்ணனைப் பார்த்தது போலத்தான் இருந்தது.

பழைய வண்டியைப் பிரிப்பதில் ஒரு நாவலைப் படிக்கிற சுவை உண்டு. பெடல் கட்டையின் காட்டர் பின்கள் துருப்பிடித்து இறுகிக் கிடந்தன. இரண்டு நாள் எண்ணெய் ஊற்றிவைத்து, மரக்கட்டையை அண்டக்கொடுத்துத் தட்டித்தான் எடுக்கவேண்டியிருந்தது. அடியச்சின் வலப்பக்கத்துக் கப் இடது மரை. நமக்கெல்லாம் பழக்கமான எதிர்த்திசையில் திருப்பினால்தான் அது கழலும். இங்கிலாந்து வண்டி என்பதை அந்த மரையே சொல்லிவிடும்; இத்தாலி வண்டியானால் இரண்டு பக்கமும் வலது மரை. பால்ரஸ் குண்டுகளை மாற்றி, கோன்களைத் துடைத்து, கிரீஸ் வைத்து, சக்கரத்துக்குக் கோட்டம் எடுத்து முடிக்க மூன்று வாரம் ஆயிற்று. பழைய நீல இனாமலை நான் தொடவில்லை. துரு ஏறிய இடங்களை மட்டும் சுரண்டி, மெழுகு பூசினேன். புதுப் பெயிண்டு அடித்து, நிக்கல் முலாம் பூசி, கல்யாணப் பெண் மாதிரி அலங்கரித்து, வரவேற்பறைச் சுவரில் மாட்டிவைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. சுவரில் தொங்குகிற சைக்கிள் யாரையும் இடிப்பதில்லை.

இதன் பின்சக்கரத்து அச்சுக்குடத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது. என் வாதத்துக்கு அது வேண்டியிருப்பதால் விவரமாகச் சொல்லுகிறேன். பல்சக்கரம் வலது மரையில் திருகப்பட்டிருக்கிறது. முன்னால் மிதிக்க மிதிக்க அது இறுகும். ஆனால் வேகத்தைக் குறைப்பதற்காகக் காலைப் பின்னுக்கு அழுத்தினால் அதே மரை கழலப் பார்க்கும். அதனால் அதன்மேல் இன்னும் சிறிய விட்டத்தில், இடது மரையில், ஒரு பூட்டுவளையம் திருகியிருக்கிறார்கள். பல்சக்கரம் கழலத் திரும்பும்போது வளையம் இறுகிக்கொள்ளும். ஒன்று போகிற வழியை மற்றது அடைக்கிறது. காலால் அடக்குவது என்ற வித்தை முழுவதும் இந்த ஒற்றை வளையத்தை நம்பித்தான் நிற்கிறது.

இதை அறியாமலோ, அறிந்தும் கவலைப்படாமலோ, சாதாரணச் சைக்கிளின் ப்ரீவீலைக் கழற்றிவிட்டு, அதே மரையில் பல்சக்கரத்தைத் திருகி, பூட்டுவளையம் இல்லாமலேயே 'டிராக் சைக்கிள்' என்று விற்ற ஒரு கடையை நான் கண்ணால் பார்த்தேன். வளையம் எங்கே என்று கேட்டேன். நன்றாக மிதித்தால் தானாகவே இறுகிக்கொள்ளும் என்றார் கடைக்காரர். மிதிக்கும்போது இறுகும், வாஸ்தவம். நிறுத்தும்போதல்லவா கழலும்! பிரேக்கும் இல்லாத அந்த வண்டியை வாங்கிக்கொண்டு போன பையனுக்கு இருபது வயதுகூட இராது.

சரி, டிராக் சைக்கிளுக்கு ஏன் பிரேக் வைக்கவில்லை? கட்சியார் இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்வதே இல்லை. மூலவருக்கு ஏன் கை நான்கு என்று பக்தன் கேட்பதில்லை அல்லவா? விடை எளிது. பந்தய மைதானம் வட்டமாக இருக்கிறது. எல்லோரும் ஒரே திசையில் போகிறார்கள். எதிரே வண்டி வராது. குறுக்குத் தெரு கிடையாது. பந்தைத் துரத்திக்கொண்டு குழந்தை ஓடி வராது. ஒருவர் பின்சக்கரத்துக்கு ஒரு சாண் இடைவெளியில் அடுத்தவர் முன்சக்கரம் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த நிலையில் முன்னே போகிறவர் சட்டென்று பிரேக் பிடித்தால் பின்னால் வருகிற அத்தனை பேரும் குவியலாக விழுவார்கள். வேகத்தைக் குறைக்க வேண்டுமானால் சரிவான ஓரத்தில் மேலே ஏறினால் போதும். மேடு வேகத்தை வாங்கிக்கொள்ளும். ஆக, மைதானத்தில் பிரேக் கூடாது என்பது பக்கத்தில் இருப்பவரின் உயிரைக் காக்க ஏற்பட்ட விதி. அதே காரணத்துக்காகத்தான் தெருவில் பிரேக் வேண்டும் என்கிற விதியும் ஏற்பட்டது. இரண்டு விதிகளுக்கும் தாய் ஒருத்திதான். ஒன்றைத் தலையில் வைத்துக் கொண்டாடி மற்றதைக் காலால் உதைப்பவர்கள், விதியின் எழுத்தைப் பிடித்துக்கொண்டு அதன் உயிரை விட்டுவிட்டவர்கள்.

இனி அவர்களுடைய வாதங்களுக்கு வருகிறேன்.

'அசல் கெட்டுவிட்டது' என்பது முதல் வாதம். எது அசல்? நான் வாங்கிய வண்டியின் ஃபோர்க்கில் பிரேக் பூட்டுவதற்கான துளை கிடையாது. ஆனால் ஃபோர்க்கின் இரண்டு கால்களிலும், ஒரே உயரத்தில், நீல இனாமலைச் சுற்றி மோதிரம் போட்டது போலத் தேய்ந்த தழும்பு இருந்தது. கொட்டகையிலிருந்து வந்த தகரப் பெட்டியைக் கிளறியபோது அந்தத் தழும்புக்குச் சொந்தக்காரன் அகப்பட்டான்: ஃபோர்க்கின் கால்களைப் பட்டை போட்டு இறுக்கிக்கொள்கிற ஒரு முன் பிரேக், தேய்ந்துபோன கட்டைகளோடு. துளை கேட்காத இந்த மாதிரிப் பிரேக்குகள் அந்தக் காலத்தில் சாதாரணமாக விற்பனையில் இருந்தவை. ரெஸிலியன் என்ற பெயரைச் சொன்னால் பழைய சைக்கிள்காரர்கள் இன்றும் தலையாட்டுவார்கள்.

இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. 1930-களிலும் 50-களிலும் இங்கிலாந்தின் கிளப் சைக்கிள்காரர்களில் பெரும்பாலோர் தொழிலாளிகளும் குமாஸ்தாக்களும்தான். அவர்களுக்குக் கார் ஏது? வாரநாட்களில் வேலைக்குப் போனதும் அதே சைக்கிளில். ஞாயிற்றுக்கிழமை பந்தயத்துக்குப் போனதும் அதே சைக்கிளில். தெருவிலும் மைதானத்திலும் ஓட்டுவதற்கென்றே, 'ரோடு-பாத்' என்ற பெயரில் வண்டிகள் செய்து விற்றார்கள். பந்தயச் சக்கரங்களை முன்னச்சின் இரண்டு பக்கமும் கட்டிக்கொண்டு மைதானம் வரை மிதித்துப் போவார்கள். அங்கே மட்கார்டையும் பிரேக்கையும் கழற்றிவைத்து, சக்கரம் மாற்றி, பந்தயம் ஓடி, மறுபடியும் எல்லாவற்றையும் பூட்டிக்கொண்டு வீடு திரும்புவார்கள். பிரேக் இல்லாமல் பந்தயம் ஓடியவர்தான் பிரேக்கோடு வீட்டுக்குப் போனார். இதுதான் அசல்! தெருவில் பிரேக் இல்லாமல் திரிவது அந்தப் பழைய கிளப்காரர்கள் கைக்கொண்ட சம்பிரதாயமல்ல. நேற்று முளைத்த மோஸ்தர். நான் செய்ததெல்லாம் அந்தக் காலஞ்சென்ற மனிதர் வைத்திருந்த இடத்திலேயே, அவர் வைத்திருந்த பிரேக்கை, புதுக் கட்டையும் புதுக் கம்பியும் போட்டுத் திரும்பப் பூட்டியதுதான். ஹெர்ன் ஹில் மைதானத்துக்கு அந்த வண்டியைக் கொண்டுபோன நாளில் அவரைப் போலவே நானும் ஸ்பானரை எடுத்து அதைக் கழற்றிவைத்தேன். 1891-ல் திறந்த மைதானம் அது; 1948 ஒலிம்பிக்கின் டிராக் சைக்கிள் பந்தயங்கள் நடந்த இடம். அங்கே பிரேக் கூடாது என்றார்கள், சரி என்றேன். வெளியே வந்ததும் மறுபடி பூட்டினேன். இதில் எந்தச் சரித்திரம் பாழாயிற்று?

'கால் தேர்ந்துவிட்டால் பிரேக் எதற்கு?' என்பது இரண்டாவது வாதம். கணக்குப் பார்ப்போம். முன்னே 48 பல், பின்னே 16 பல். பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் சக்கரம் மூன்று சுற்றுச் சுற்றும். வண்டி ஏறக்குறைய ஆறேகால் மீட்டர் போகும். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் ஓர் இறக்கத்தில் இறங்கினால் கால்கள் நிமிஷத்துக்கு 130 தடவைக்குமேல் சுற்றியாக வேண்டும். அந்தச் சுழற்சியைத் தொடையின் பலத்தால் தடுத்து நிறுத்துவேன் என்கிறவர் முதலில் கல்யாண மண்டபத்துக் கிரைண்டரைக் கையால் பிடித்து நிறுத்திக் காட்டட்டும்.

அது மட்டுமல்ல. வண்டி வேகம் குறையும்போது பாரம் முழுவதும் முன்னே சாய்கிறது. முன்சக்கரம் தரையை அழுத்திப் பிடிக்கிறது, பின்சக்கரம் இலேசாகிறது. அதனால் பின்சக்கரத்தை எவ்வளவுதான் அடக்கினாலும் ஓர் அளவுக்குமேல் அது சறுக்கத்தான் செய்யும். முன் பிரேக்கை முறையாகப் பிடித்தால் நிற்கிற தூரத்தைப் போல ஏறத்தாழ இரட்டிப்புத் தூரம், பின்சக்கரத்தை மட்டும் நம்பினால் வேண்டியிருக்கும். டிராக் சைக்கிள்காரரின் கால் எவ்வளவு தேர்ந்ததாக இருந்தாலும் அது அடக்குவது பின்சக்கரத்தைத்தான். பௌதிக சாஸ்திரம் யாருடைய தேர்ச்சிக்கும் மரியாதை கொடுப்பதில்லை.

சறுக்கி நிறுத்துவதை வித்தையாகக் காட்டுகிறார்கள். 48-க்கு 16 வைத்து, எப்போதும் ஒரே காலை முன்னே வைத்துச் சறுக்குகிறவரின் டயர் ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில்தான் ரோட்டில் தேயும்; பல் கணக்கு அப்படி. மற்ற இடமெல்லாம் புதிதாக இருக்க, ஒரே ஓர் இடத்தில் நூல் தெரிகிற டயரை நான் பார்த்திருக்கிறேன். போகட்டும், டயர் அவருடைய காசு. செயின் என்ன செய்யும்? காலின் பலம் சக்கரத்துக்குப் போவதற்கு இருப்பது அந்த ஒரு செயின். அது அறுந்தாலும் கழன்றாலும், மலையைப் பிளக்கிற தொடையும் வெறும் காற்றைத்தான் மிதிக்கும். பிரேக் வேண்டியிருப்பது தேர்ச்சி இல்லாதவருக்கு மட்டுமல்ல. தேர்ச்சியின் செயின் அறுகிற நாளுக்கும்தான்.

மூன்றாவது வாதம் கொஞ்சம் மேலானது. அதற்கு மரியாதை கொடுக்கிறேன். வண்டியும் மனிதனும் ஒன்றாகிவிடுகிற அனுபவம் இதில் இருக்கிறது என்கிறார்கள். உண்மை. முதல் ஒரு வாரம் இந்த வண்டி என்னைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையாக்கிவிட்டது. கால் தன் பழக்கத்தில் ஓய்வெடுக்கப் பார்க்கும். பெடல் அதை உதைத்துக் கிளப்பும். பிறகு ஒரு நாள் திடீரென்று அந்தச் சண்டை ஓய்ந்தது. தூரத்தில் சிவப்பு விளக்கைப் பார்த்த உடனேயே கால் தானாகத் தளர்ந்தது. ரோட்டின் மேடும் பள்ளமும் முழங்காலுக்கு முன்கூட்டியே தெரிந்தன. சும்மா உருளுவது என்பதே இல்லாமல் ஒவ்வோர் அடியையும் நாமே சம்பாதித்துப் போவதில் ஒரு நிறைவு இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்த நிறைவைத் தருவது எது? அசையாத பல்சக்கரம் தருகிறது. பிரேக் இல்லாமை அல்ல! என் வண்டியில் பிரேக் இருந்தது. இந்த அனுபவத்தில் ஒரு துளியும் குறையவில்லை. நாளெல்லாம் அந்தப் பிரேக் சும்மாதான் இருந்தது. வீட்டு வாசலில் கூர்க்கா நிற்கிறார் என்பதற்காக உள்ளே சங்கீதம் கேட்காமல் போய்விடுமா?

கடைசி வாதம்தான் எனக்கு உண்மையிலேயே கோபம் வரவழைப்பது. 'என் உயிர், என் இஷ்டம்.' 2016-ல் லண்டனில், முன் பிரேக் இல்லாத டிராக் சைக்கிளில் தெருவில் வந்த ஒரு வாலிபர், ரோட்டைக் கடந்துகொண்டிருந்த ஒரு பெண்மணிமேல் மோதினார். அந்த அம்மாள் இறந்துபோனார். மோதியவர் உயிரோடு இருந்தார். 2017-ல் கோர்ட்டு அவரைக் கொலையாகாத மரணம் விளைவித்த குற்றத்திலிருந்து விடுவித்து, குதிரை வண்டிக் காலத்தில், 1861-ல் ஏற்பட்ட சட்டம் ஒன்றின்படி, மூர்க்கமாக வண்டி ஓட்டியதற்காகப் பதினெட்டு மாதத் தண்டனை விதித்தது. அந்த வழக்கில் யார் எவ்வளவு வேகம், எத்தனை அடியில் நின்றிருக்கலாம் என்றெல்லாம் வாதாடினார்கள். அதை வக்கீல்களுக்கு விட்டுவிடுகிறேன். நான் கேட்பது ஒன்று: 'என் உயிர், என் இஷ்டம்' என்று சொல்லுகிறீர்களே, அந்த அம்மாளின் உயிர் யாருடைய இஷ்டம்?

இங்கிலாந்தின் சட்டம் இந்த விஷயத்தில் டிராக் சைக்கிளுக்கு விரோதியே அல்ல. சைக்கிளுக்கு இரண்டு தடுப்பு வேண்டும் என்கிற 1983 விதிகள், அசையாத பல்சக்கரத்தையே ஒரு தடுப்பாக ஒப்புக்கொள்கின்றன. முன்சக்கரத்துக்கு ஒரு பிரேக் மட்டும் கேட்கின்றன. இதைவிடத் தாராளமாக ஒரு சர்க்கார் எப்படி இருக்க முடியும்? ஜப்பானைப் பாருங்கள். கெய்ரின் என்ற சைக்கிள் பந்தயம் 1948-ல் கொக்குராவில் தொடங்கியது. பந்தயம் கட்டுகிற பணத்தில் நடக்கிற பெரிய வியாபாரம் அது. பிரேக் இல்லாத எஃகு டிராக் சைக்கிளை அந்தத் தேசத்தைப் போலப் போற்றுகிற தேசம் வேறு இல்லை. குழாயிலிருந்து பெடல் வரை முத்திரை பெற்ற உறுப்புகளைத்தான் பந்தயத்தில் அனுமதிக்கிறார்கள். அதே தேசத்தின் தெருச் சட்டம் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் பிரேக் கேட்கிறது. அவர்களுக்கு வண்டிமேல் பக்தி குறைவு என்று சொல்லுவீர்களா?

கஷ்டத்தைத் தூய்மை என்று நினைக்கிற வியாதி இன்றைக்கு வந்ததல்ல. 1893-ல் பாரிஸில், ஒரு மணி நேரத்தில் 35.325 கிலோமீட்டர் ஓட்டிச் சாதனை படைத்த ஆன்ரி தெக்ராஞ்சுதான் 1903-ல் டூர் தெ பிரான்ஸ் பந்தயத்தைத் தொடங்கினார். பல்சக்கரம் மாற்றுகிற கியர் என்றாலே அவருக்கு இளக்காரம். கிழவர்களுக்கு உரியது என்பது அவர் கட்சி. மலைகளில் அத்தனை பேரையும் அந்தக் கொள்கைக்காக மூச்சு வாங்க வைத்தார். 1937-ல்தான் டூர் பந்தயத்தில் கியருக்கு அனுமதி கிடைத்தது. வீரம் போய்விட்டதா? 1938-ல் பார்த்தலியும் 1949-ல் கோப்பியும் கியர் வைத்துத்தான் அந்த மலைகளை வென்றார்கள். அவர்களை அரை ஆண்மக்கள் என்று இன்றைக்கு யாராவது சொல்லுகிறார்களா? கஷ்டம் என்பது வேலையோடு வருமானால் அதைத் தாங்குவது பெருமை. அதை வேண்டுமென்றே தேடிப் பூட்டிக்கொண்டு, மற்றவர் செலவில் காட்சிக்கு வைப்பது பெருமையல்ல.

நம் ஊர்களிலும் இந்த வண்டிகள் தலைகாட்டத் தொடங்கிவிட்டன. நம் தெருக்களோ, லண்டனைப் போல மனிதரையும் வண்டியையும் பிரித்துவைத்த தெருக்கள் அல்ல. இங்கே ஆட்டோவும் ஆடும், பள்ளிக்கூடப் பிள்ளையும் பால்காரரும் ஒரே ரோட்டில்தான் நடக்கவேண்டும். பழைய டிராக் சைக்கிளைத் தேடிப் பிடித்துச் செப்பனிடுகிற இளைஞர்களைப் பார்த்து நான் சந்தோஷப்படுகிறேன். செய்யுங்கள். பழைய இனாமலைக் காப்பாற்றுங்கள். மரை பார்த்துத் திருகுங்கள். பூட்டுவளையம் இல்லாமல் யாராவது விற்றால் வாங்காதீர்கள். செயின் தொய்வைப் பார்க்காமல் வண்டியை வெளியே எடுக்காதீர்கள். துளை போட மனம் வரவில்லையா, போடவேண்டாம்; பட்டை போட்டு இறுக்குகிற பிரேக் இருக்கிறது. அதுவும் சரியாகப் பிடிக்காத ஃபோர்க் என்றால், துளை உள்ள வேறு ஃபோர்க்கை மாட்டிக்கொண்டு பழையதை எண்ணெய்த் துணியில் சுற்றிப் பரணில் வையுங்கள். உங்களுக்குப் பிறகு வருகிறவர் வேண்டுமானால் எடுத்துப் பூட்டிக்கொள்ளட்டும்.

ஆனால் தெருவுக்கு வரும்போது முன்சக்கரத்தில் ஒரு பிரேக்கோடு வாருங்கள். ரோட்டைக் கடக்கிறவருக்கு உங்கள் வண்டி எந்த வருஷத்தது, எந்தக் குழாயில் செய்தது, எந்த மைதானத்தில் ஜெயித்தது என்பதெல்லாம் தெரியாது. தெரியவேண்டிய அவசியமும் இல்லை. வருகிற வண்டி நிற்கும் என்ற ஒரே நம்பிக்கையில் அவர் காலை எடுத்து வைக்கிறார். அந்த நம்பிக்கையைப் பொய்யாக்குகிற உரிமை எந்தக் கலைக்கும் இல்லை.